கோலா சாவாவுக்கு வந்த அழைப்பு

மலேசியாவின் கோலா சாவாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறோம். என்னைக் காரில் லுக்குட் நகரத்துக்கு அழைத்துப்போகும் மல்லிகா இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது ஜாம்பியாவில் ஒரு நகரத்தின் குடிநீர்த் திட்டத்துக்குத் தலைமைப் பொறியாளர், விடுமுறைக்கு வந்திருக்கிறார்.

அவருடைய கைப்பேசி ஒலிக்கிறது. அங்கே பெரிய குழாய் ஒன்று வெடித்துவிட்டதாம். உதவிப் பொறியாளர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். பதில் வந்ததும், "அப்படியே செய்" என்று வைத்துவிடுகிறார்.

"நீங்களே சொல்லியிருக்கலாமே?" என்கிறேன்.

"நானே சொல்லிக்கிட்டு இருந்தா அவங்க எப்பதான் பழகுறது? அது அவங்க நாடு லா. நான் ஒருநாள் கெளம்பிருவேன்."

சொல்கிறாரே தவிர, தட்டிலிருக்கும் ரொட்டி சானாயைத் தொடவில்லை. கடைக்காரர் எட்டிப்பார்த்து, "ஆறிப்போச்சுக்கா, வேற போடவா?" என்கிறார். மல்லிகா வேண்டாம் என்று தலையசைக்கிறார். உதவிப் பொறியாளரைத் திரும்ப அழைக்கவும் இல்லை.

மழை விடும் நேரத்தில் செய்தி வருகிறது. வெடித்த இடத்தை மட்டும் அடைத்துவிட்டு, பழைய குழாய் வழியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்களாம். மல்லிகா அதை இரண்டு தடவை படிக்கிறார்.

"நானா இருந்தா மொத்த லைனையும் மூடச் சொல்லியிருப்பேன்," என்கிறார். "ஊருக்கே தண்ணி நின்னுருக்கும்."