மிஸ்ஸிங் அடித்த நீலக் கார்

நசீருதீன் சேலையூர் கேம்ப் ரோட்டில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டது எண்பத்திரண்டில். அதற்கு முன் பதினான்கு வருடம் மவுன்ட் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியின் கார் ஷெட்டில் வேலை. அங்கே ஆளுக்கொரு வேலை ஒதுக்கியிருந்தார்கள். பிரேக் பார்ப்பவர் பிரேக் மட்டும் பார்ப்பார். நசீருக்கு வாய்த்தது என்ஜின் கோளாறு. அதிலும் இன்னதென்று பிடிபடாத கோளாறுகள். நாலு பேர் பார்த்துக் கைவிட்ட வண்டி கடைசியில் அவரிடம்தான் வரும்.

அவசரப்படாத மனுஷன். ஒரு சமயத்தில் ஒரு சாமானைத்தான் மாற்றுவார். மாற்றியதும் ஓட்டிப் பார்ப்பார். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும் என்பார். காரணம் தெரியாமல் சரியான வண்டியை அவர் வெளியே விட்டதில்லை. எண்பத்தெட்டு பங்குனி வரைக்கும் இல்லை.

தேவானந்தம் அவரிடம் வந்தது அதற்கு ஒரு வருடம் முன்பு. நிலத்தை மனை போட்டு விற்ற உள்ளூர்க் குடும்பத்தின் ஒரே பிள்ளை. முப்பது வயதுகூட ஆகவில்லை. பழைய நீலக் கார் ஒன்றை வாங்கி, சோழவரம் கார்ப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்று அதையே கட்டிக்கொண்டு அழுதான். வேகம் கூட்ட என்ஜின் ஹெட்டை இழைத்து, கேம் ஷாஃப்டை மாற்றி, இரட்டை கார்ப்பரேட்டர் வைத்து, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை வேறொரு காரிலிருந்து எடுத்துப் பொருத்தியது எல்லாம் நசீர்தான். சாயங்காலங்களில் தேவானந்தத்தின் மனைவி சாவித்ரி பள்ளிக்கூடம் விட்டு நேரே ஷெட்டுக்கு வருவாள். டீச்சர். பழைய டயர்மேல் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவாள். வேலை முடிந்ததும் இருவரும் அந்தக் காரிலேயே வீட்டுக்குப் போவார்கள்.

மாசி மாதம் கார் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. ரோட்டில் வேகம் பிடித்து, மூன்றாவது கியரில் அழுத்தும்போது மட்டும் திடீரென்று இழுவை நிற்கும். வண்டி இரண்டு முறை துள்ளும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பத்துத் தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் அப்படி.

நசீர் முறைப்படியே போனார். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நாலும் ஒரே நிறம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை வெட்டி வெட்டி விடும் பாயின்ட் புதிது போட்டார். கண்டென்சர், காயில், பிளக் ஒயர்கள் ஒவ்வொன்றாக மாற்றினார். பெட்ரோல் பம்பைப் பிரித்தார். பம்மல் வரைக்கும் ஓட்டினார், வண்டலூர் வரைக்கும் ஓட்டினார். ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் கார்ப்பரேட்டருக்கு அடியில் பேக்கிங் ஓரமாகக் கிழிந்து காற்று இழுப்பதைக் கண்டுபிடித்தார். அதை மாற்றிவிட்டு வண்டலூருக்கு மூன்று முறை போய்வந்தார். ஒரு தடவைகூட மிஸ்ஸிங் வரவில்லை.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. காற்று இழுத்தால் வண்டி நிற்கும்போதுதான் நடுங்கும். ஓட்டத்தில் இப்படி வெட்டாது. இது அவருக்குத் தெரியும். தேவானந்தம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"ஆயிடுச்சா பாய்?" என்று கேட்டான்.

நசீர் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பத்து நாளாக ஒரே காரைக் கட்டிக்கொண்டு மாரடித்த அலுப்பு. மற்ற வண்டிகள் வாசலில் காத்துக் கிடந்தன.

"ஆயிடுச்சு. எட்த்துக்கினு போ தம்பி" என்றார்.

அடுத்த ஞாயிறு காலையில் செங்கல்பட்டு பக்கம் ஓட்டிப் பார்க்கப் போன தேவானந்தம் திரும்பி வரவில்லை. மணல் லாரியை முந்தப் போய் எதிரே வந்த பஸ்ஸில் மோதினான். ஸ்பாட்டிலேயே உயிர் போய்விட்டது. சாவித்ரி கூடப் போவதாக இருந்தாள். பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டியிருந்ததால் போகவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கு உறவுக்காரர்களோடு நசீரும் போயிருந்தார். லாரி டிரைவர் வாக்குமூலம் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல வேகமாக வந்த கார் தன் லாரிக்குப் பக்கத்தில் வந்ததும் தயங்கி, துள்ளித் துள்ளி அங்கேயே நின்றமாதிரி ஆகிவிட்டது என்றான். பஸ்ஸைப் பார்த்ததும் பையன் பயந்துபோயிருப்பான் என்று எழுதிக்கொண்டார்கள். துள்ளியது என்று கேட்டதுமே அது அந்தப் பழைய மிஸ்ஸிங்தான் என்று நசீருக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்து, காரை எப்போது விடுவார்கள் என்று விசாரித்தார்.

நொறுங்கிய காரைப் போலீஸ் ஏழு வாரம் கழித்து விட்டது. தேவானந்தத்தின் அப்பா அதைக் கண்ணால் பார்க்க விரும்பவில்லை. இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார். நசீர் ஒருநாள் தவணை கேட்டு ஷெட்டுக்கு இழுத்துவரச் செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

டிஸ்ட்ரிபியூட்டர் அடிபடாமல் இருந்தது. அதற்குள்ளே பாயின்டுக்குப் போகும் விரல் நீளத்து ஒயர் ஒன்று உண்டு. பாயின்ட் உட்காரும் தட்டு, ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பும். ஒயரும் கூடவே மடங்கி நிமிரும். பார்வைக்கு அந்த ஒயரில் ஒரு கீறலும் இல்லை. இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தார். ரப்பர் மாதிரி நீண்டது. மேலே உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை வண்டி ஓடும், விலகினால் வெட்டும். எல்லாவற்றையும் புதிதாக மாற்றியவர் இந்தப் பழைய ஒயரை மட்டும் அப்படியே விட்டிருந்தார்.

வீட்டில் மனைவி சித்திகாவிடம் சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள் அவள். போலீஸே வேகம்தான் காரணம் என்று முடித்துவிட்டது. சொன்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்டாள். மூன்று நாள் அந்த ஒயரைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். நாலாம் நாள் சாவித்ரியைப் பார்க்கப் போனார்.

அவள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒயரைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போயிருந்தார். இழுத்துக் காட்டினார். தனக்குச் சந்தேகம் இருந்ததையும், இருந்தும் ஆயிடுச்சு என்று சொன்னதையும் மறைக்காமல் சொன்னார்.

சாவித்ரி ஒயரைக் கையில் வாங்கவில்லை.

"இத்தனை நாளா அவர்மேலதான் கோவமா இருந்தேன் பாய்" என்றாள். "என்னை விட்டுட்டு வேகம்தான் பெரிசுன்னு போயிட்டாரேன்னு. அந்தக் கோவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் எழுந்து நடமாடிட்டிருந்தேன். அதையும் பிடுங்கிட்டீங்களே."

கத்தவில்லை, அழவும் இல்லை. நசீர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு பந்தய வண்டி எதையும் அவர் தொடவில்லை. சாதாரண வண்டிகளிலும் பழைய மாதிரி கைவரவில்லை. சரிசெய்த வண்டியை மறுபடி பிரிப்பார். நாளைக்கு வாருங்கள் என்பார். நாளைக்கும் அதையே சொல்வார். ஆயிடுச்சு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. காத்திருந்து காத்திருந்து சலித்த வாடிக்கைக்காரர்கள் குரோம்பேட்டைப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

தொண்ணூற்றாறில் தாம்பரம் ஸ்டேஷனில் ஒருநாள் சாவித்ரியைப் பார்த்தார். தலை ஓரம் நரைத்திருந்தது. வேறு ஊரில் வேலையாம். ஒதுங்கிப் போகப் பார்த்தவரை அவளே நிறுத்தினாள். சித்திகா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். முழங்கால் வலி, மற்றபடி சுகம் என்றார். ரயில் வந்தது, அவள் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நசீரும் அதே ரயிலில் பல்லாவரம் போக வேண்டியவர்தான். ஏறாமல் அடுத்த வண்டிக்காக பெஞ்சில் உட்கார்ந்தார்.