மாடியில் விழுந்த பேப்பர்

கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. போன வாரம் ஆதார் பிரிண்ட் எடுக்கப் போனேன். ஆயுத பூஜை முடிந்து நாலு நாள்தான். கடையில் எல்லா மெஷின் மேலும் சந்தனம், குங்குமம். பிரிண்டர் ஓடி ஓடிச் சூடானால் அந்தச் சந்தனமும் சூடாகும். அதில் ஒரு வாசனை வரும். கோயில் வாசனை இல்லை. சந்தனமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வெந்த வாசனை. எனக்கு அது ஆகாது.

எனக்கு முன்னால் ஒரு காலேஜ் பொண்ணு நின்றது. போனிலிருந்து அனுப்பிவிட்டேன் என்றது. கடைக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீ சரியா அனுப்பலம்மா. திரும்ப அனுப்பு."

மூணு தடவை அனுப்பியது. மூணு தடவையும் அதே பதில். பொண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. பஸ்சுக்கு நேரமாகிறது போல.

"எந்திரிச்சுப் போய் உள் ரூம் மெஷினைப் பாருப்பா" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. போய்ப் பார்த்தார். மூணு காப்பி கிடந்தது. அந்தப் பொண்ணிடம் கொடுத்தார். மூணு காப்பிக்கும் காசு கேட்டார்.

நான் ஆதார் எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபம் வந்தால் வந்த வேலை மறந்துபோகும் எனக்கு. மறுநாள் திரும்பப் போனேன். அந்தக் கடைக்கேதான். பக்கத்தில் வேறு கடை கிடையாது.

கஸ்தூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கம்பெனி.

பல வருஷத்துக்கு முன்னால். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகம் செய்கிற கம்பெனி. நான் அங்கே ஸ்டோர்ஸ் ஹெல்பர். எட்டாவது வரைக்கும் படிப்பு. நம்பர் படிப்பேன், தமிழ் படிப்பேன். இங்கிலீஷ் வராது. ஆனால் ஒயரைப் பார்த்தால் பயம் கிடையாது. அதனால் எங்கே ஒயர் பிடுங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலைக்குப் பெயர் கிடையாது. சம்பளமும் ஏறாது. நாற்காலி மேல் மட்டும் நான் ஏற வேண்டும்.

கஸ்தூரி டெஸ்பாட்ச் கிளார்க். வேப்பம்பட்டு பொண்ணு. தினம் ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வரும். ஆறு மாசம் தற்காலிகம், அப்புறம் பர்மனென்ட் என்று பேசி எடுத்திருந்தார்கள். பூஜை முடிந்த மாசம் அந்த ஆறு மாசம் முடிகிறது. டேபிள் டிராயரில் ஒரு காலி பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தது. பர்மனென்ட் ஆர்டர் வந்தால் மடங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக.

அதனுடைய வேலை இதுதான். லாரியில் சரக்கு ஏறியதும் சலான் அடிக்க வேண்டும். கீபோர்டில் அடித்து பட்டனை அழுத்தினால் அது சர்வருக்குப் போகும். சர்வர் பிரிண்டருக்கு அனுப்பும். பேப்பர் கஸ்தூரி கைப்பக்கம் வந்து விழும். அந்தப் பேப்பர் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது.

சர்வர் மாடியில் ஒரு கண்ணாடி அறையில் இருந்தது. எங்களுக்கெல்லாம் ஃபேன். அதற்கு ஏசி. சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளி ரூம். அந்த வருஷம்தான் அங்கேயும் ஒரு பிரிண்டர் புதுசாக வாங்கி வைத்தார்கள். கீழே இருக்கிற அதே மாடல்.

இந்த மெஷின்களெல்லாம் வருஷம் முழுக்க அணையாது. ஆயுத பூஜைக்கு மட்டும்தான் அணைப்போம். அன்றைக்கு நான்தான் ராஜா. எல்லா ஒயரையும் பிடுங்கி, துடைத்து, சந்தனம் பூசி, பொட்டு வைப்பேன். டிரில்லிங் மெஷினுக்கு எப்படியோ அப்படித்தான் பிரிண்டருக்கும். சர்வருக்கும் வைத்தேன். நெட் ஒயர் வந்து சேர்கிற டப்பாவுக்கும் வைத்தேன். கீழ் பிரிண்டர் நெற்றியில் ஒரு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அது என்னத்துக்கு என்று எனக்குத் தெரியாது. பொட்டு வைக்க அந்த இடம்தான் வசதி. தாராளமாக அப்பினேன். பொரி வேறு கீபோர்டுக்குள் கொட்டி, கஸ்தூரி அதைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தது. "எங்க கம்ப்யூட்டரும் சாப்புடுதுண்ணா" என்றது.

விடுமுறை முடிந்து மறுபடி திறந்த காலையில் எல்லாம் போட வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம். முதல் பேப்பர் முதலாளி ரூமில்தான் வர வேண்டும். பேப்பரில் 'உ' மட்டும் இருக்கும். அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்த பிறகுதான் மற்ற மெஷின் ஓடும். முதலாளி காத்திருந்தார். ஊருக்குப் போகிற அவசரம். நான் டப்பாவைப் போட்டேன். மாடி பிரிண்டரைப் போட்டேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து நேர் ஒயரில் 'உ' வந்தது. அவர் ரூமைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பத்து நாளைக்குக் கிளம்பிவிட்டார். அப்புறம் கீழே வந்து கஸ்தூரி பிரிண்டரைப் போட்டேன்.

முதல் லாரி நிற்கிறது. கஸ்தூரி அடித்து பட்டனை அழுத்தியது. நான் பக்கத்தில் நின்று ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பேப்பர் வரவில்லை. திரும்ப அழுத்தியது. ஸ்கிரீனில் போய்விட்டது என்று காட்டியது. பிரிண்டர் சும்மா உட்கார்ந்திருந்தது, பொட்டு வைத்துக்கொண்டு.

மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர் பக்கத்து ஆள். சத்தமாகப் பேச மாட்டார், குத்திப் பேசுவார்.

"அடிச்சியாம்மா இல்லையா?"

"அடிச்சேன் சார். போயிடுச்சுன்னு காட்டுது."

"போயிடுச்சுன்னா எங்க போச்சு? காசிக்கா?"

"கையால எழுதித் தரட்டா சார்?"

"கையெழுத்துச் சலானை கார் கம்பெனி கேட்ல வாங்குவாங்களா? லீவுக்கு அப்புறம் வேலை மறந்து போச்சா?"

மத்தியானம் வரைக்கும் லாரி நின்றது. அந்தப் பக்கம் கார் கம்பெனியில் எங்கள் சரக்கு வராமல் கார் பூட்டுகிற லைன் நின்றுவிட்டது. போன் மேல் போன். அப்புறம்தான் சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். வெளி ஆள். நேராக மாடிக்குப் போய் ஏசியில் உட்கார்ந்தார். நானும் போய் நின்றேன். சர்வரிலிருந்து பிரிண்டரைக் கூப்பிட்டுப் பார்த்தார். "பதில் வருது. பிரிண்டர் நல்லா இருக்கு" என்றார். அனுப்பின வேலை எதுவும் நிற்கவில்லை, எல்லாம் அச்சாகிவிட்டது என்று ஸ்கிரீனைக் காட்டினார். டெஸ்ட் பேஜ் ஒன்று அனுப்பினார். அதுவும் அச்சாச்சு என்று காட்டியது.

"கீழ வந்து பாருங்க சார், வரல" என்றேன்.

"இங்க கிளியரா காட்டுதே" என்றார்.

இருபது படி. இருபது படி இறங்கி அந்த டெஸ்ட் பேஜ் விழுந்ததா என்று அந்த ஆள் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். மேனேஜரும் பார்க்கச் சொல்லவில்லை. ஒரு பொண்ணு வரவில்லை என்கிறது, ஒரு ஸ்கிரீன் வந்துவிட்டது என்கிறது. அவர்கள் ஸ்கிரீனை நம்பினார்கள்.

கடைசியில் கீழே வந்தார். வந்தவர் டெஸ்ட் பேஜ் பேச்சையே எடுக்கவில்லை. கஸ்தூரி கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டருக்கு நேராக ஒரு ஒயர் மாட்டினார். பேப்பர் வந்தது. "பாத்தீங்களா, பிரிண்டர்ல ஒண்ணும் இல்ல. சர்வர்லயும் ஒண்ணும் இல்ல. யூஸ் பண்ணினவங்க மிஸ்டேக்" என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

கார் கம்பெனிக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். மேனேஜர் கஸ்தூரியைக் கேபினுக்குக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். சலான் அடிக்க மறந்துவிட்டேன், என் கவனக்குறைவு, மன்னிக்கவும் என்று எழுதிக் கொடு என்றார். எழுதினால் பர்மனென்ட் கொஞ்சம் தள்ளிப்போகும், வேலை இருக்கும். எழுதாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்.

"நான் அடிச்சேன் சார். அண்ணன் பக்கத்துல தான் நின்னாரு."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ பார்த்தியா?"

"கவனிக்கல சார்."

அவ்வளவுதான் சொன்னேன். ரெண்டு வார்த்தை. நான் எப்பவும் குறைவாகப் பேசுகிற ஆள் என்று பேர். அன்றைக்கு அது நல்ல வசதியாகப் போச்சு.

வெளியே வந்ததும் அதற்குப் புத்தி வேறு சொன்னேன். "எழுதிக் குடுத்துடும்மா. போவட்டும்."

கஸ்தூரி என்னைத் திட்டவில்லை. "எழுதுனா வேலை கீது. ஆனா அடிக்கலன்னு ஆயிடுமேண்ணா. நான் அடிச்சேனே" என்றது. டிராயரைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தது. அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுக்கவில்லை.

முதலாளி திரும்பி வந்தார். ரூமைத் திறந்ததும் சந்தனம் வெந்த வாசனை. பூட்டின ரூமில் பத்து நாள் அணையாமல் கிடந்த பிரிண்டர். தரை முழுக்கப் பேப்பர். பொறுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்றை எடுத்தேன். லாரி நம்பர் தெரிந்தது. அந்த லாரிதான். பதினேழு பேப்பர். பதினாறு சலான். கஸ்தூரி அன்றைக்கு அழுத்தின ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. பதினேழாவது வேறு மாதிரி இருந்தது. இன்ஜினியர் அனுப்பின டெஸ்ட் பேஜ். தேதி, மணி எல்லாம் போட்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அது விழுந்த இடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்.

கீழே போய்ப் பிரிண்டர் நெற்றியில் சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். ஸ்டிக்கரில் கடைசி நம்பர் 51. பிரிண்டரில் சின்ன ஸ்கிரீன் ஒன்று உண்டு. அதில் பார்த்தால் 52. மாடிக்கு ஓடினேன். அங்கே 51. எட்டாவது படித்தவனுக்கே புரிந்துவிட்டது. அந்த நெட் ஒயர் டப்பா, யார் முதலில் வந்தாலும் அவனுக்கு முதல் நம்பரைக் கொடுக்கிறது. நான் மாடியை முதலில் போட்டேன். வீட்டு நம்பர் மாறிப்போச்சு. சர்வர் பழைய நம்பருக்கே தபால் போட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் பதிலும் வரும். வேறு வீட்டுக்காரன் பதில்.

மேனேஜரிடம் போனேன். பேப்பரை மேஜையில் வைத்தேன். "நான்தான் சார் மாத்திப் போட்டேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. கூப்பிடுங்க."

பேப்பரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. "அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு. கார் கம்பெனிக்கும் லெட்டர் போயாச்சு. இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன? கிழிச்சுப் போடு."

சலானைக் கிழித்தேன். டெஸ்ட் பேஜை மட்டும் மடித்துச் சட்டைக்குள் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டு போனேன். ஸ்டேஷனிலிருந்து கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கஸ்தூரி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பேப்பரை வாங்கியது. நடந்ததைச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று அதற்குத் தெரியும்.

"இன்னா எழுதிக்கீது?" என்றேன்.

"வாழ்த்துகள்னு போட்டுக்கீதுண்ணா."

"யாருக்கு?"

"படிக்கிறவங்களுக்கு. இத உன்னால படிக்க முடிஞ்சா பிரிண்டர் சரியா வேலை செய்யுதாம்." சிரித்தது. "நான் படிச்சிட்டேன். அப்ப சரியாத்தான் கீது."

அப்புறம் கேட்டது. "மேனேஜர் கிட்ட சொன்னியாண்ணா?"

"சொன்னேன்."

"எத? பிரிண்டரையா, நீ பாத்ததையா?"

"பிரிண்டரை."

தலையை ஆட்டியது. பேப்பரை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தது. வரும்போது ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தது. குடித்தேன். ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன். அடுத்த ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது.

அதற்கு அடுத்த வருஷமே யாரோ வந்து ஒவ்வொரு பிரிண்டருக்கும் மாறாத நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். கால் மணி நேர வேலை. அதைச் செய்யாததால்தான் இத்தனையும்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. இடித்துவிட்டு ஃபிளாட் கட்டியிருக்கிறார்கள். எஸ்டேட் பக்கம் போனால் அண்ணாந்து பார்ப்பேன். முதலாளி ரூம் இருந்த உயரத்தில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். பழைய ஃபைலெல்லாம் வண்டி வண்டியாகப் போச்சு. கஸ்தூரி மேல் எழுதின லெட்டரும் அதில் போயிருக்கும். வேப்பம்பட்டிலும் அந்த வீடு இல்லை, கேட்டுப் பார்த்தேன். கல்யாணமாகிப் போனதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. டெஸ்ட் பேஜ் அதனிடம் இருக்கிறதோ இல்லையோ.

கேபின் போச்சு. மேஜை போச்சு. நீ பார்த்தியா என்று கேட்ட ஆள் எங்கே என்றும் தெரியாது. பதில் மட்டும் என்னிடம் பாக்கி நிற்கிறது.

பார்த்தேன் சார். அழுத்தினாள்.