அன்சார் கண்ட நாலு குறைகள்

அதிராம்பட்டினத்துப் பெருமக்கள் பட்டியல் எதிலும் அன்சாரின் பெயர் இல்லை. அவர் பள்ளிவாசலுக்கு மினாரா கட்டித் தந்ததில்லை. தேர்தலில் நின்று தோற்றதுகூட இல்லை. துபாயில் ஒரு பெரிய ஹோட்டலின் தரைக்குக் கீழே இருந்த சமையற்கட்டில் பத்தொன்பது வருஷம் நின்றார். அதில் பதினோரு வருஷம் ஒரு ஜப்பானியச் சமையல்காரரின் கத்திகளைப் பராமரிப்பது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டி ஊர் திரும்பியபோது இரண்டு சாணைக்கல், ஒரு முதுகுவலி, கத்தியைப் பற்றிய அபார ஞானம் ஆகியவற்றோடு வந்தார். இவற்றில் முதுகுவலிக்கு மட்டும்தான் மதிப்பிருந்தது. அதை விசாரிக்கவாவது ஆட்கள் வந்தார்கள்.

ஊர் வழக்கப்படி, கல்யாணமான நாளிலிருந்தே மனைவி ஃபஹ்மிதாவின் வீட்டில்தான் வாசம். சபரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், இருக்கிறவரை அங்கே அவருக்கு ராஜ மரியாதை. வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் வந்துபோகிற மாப்பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது? நிரந்தரமாக வந்து உட்கார்ந்து நாலு வருஷமானதும், மாமியார் மகளிடம் "அவருக்கும் சேர்த்தா உலை வைக்கணும்?" என்று தினமும் கேட்கத் தொடங்கினார். ஆகவே அன்சாருக்கு வேலை வேண்டும். அதுவும் சும்மா வேலை அல்ல, ஒரு சமையற்கட்டின் தலைமை வேண்டும்.

கிடைக்கவும் இருந்தது. ஃபஹ்மிதாவின் தம்பி சமீர், பட்டுக்கோட்டை சாலையில், போன சம்பா வரை நெல் நின்ற இடத்தில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தான். "கிச்சன் உங்களுதுதான் மச்சான்" என்று மூன்று தடவை சொல்லியிருந்தான். மூன்றாவது தடவை சாட்சிக்கு அவன் அக்காவும் இருந்தாள்.

இந்த நிலையில், ஹோட்டல் தொழிலை ஆராய்வதற்காக சமீர் பத்து நாள் ஜப்பான் போய் வந்தான். என்ன ஆராய்ந்தான் என்பது தெரியாது. என்ன வாங்கி வந்தான் என்பது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

சபரிலிருந்து வந்தவர் பெட்டி பிரிப்பது எங்கள் பக்கத்தில் சாமானியக் காரியமல்ல. குடும்பம் மொத்தமும் சுற்றி உட்கார வேண்டும். வெளியே வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் "மாஷா அல்லாஹ்" சொல்ல வேண்டும். தைலப் புட்டி வழியிலேயே கசிந்து காலியாகியிருந்தாலும் சொல்ல வேண்டும். ஒருமுறை அன்சார் கொண்டுவந்த டார்ச் லைட் எரியவே இல்லை. மாமனார் அதைக் கையில் பிடித்துப் பார்த்து, வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது என்றார். நாகரிகம் என்றால் அது. பத்தொன்பது வருஷம் இந்த நாகரிகத்தின் பலனை அனுபவித்தவர், அன்றைக்கு அதை மறந்தார்.

பெட்டியின் அடியிலிருந்து சமீர் ஒரு மரப்பேழையை எடுத்தான். உள்ளே கத்தி. பட்டுப்போல் பளபளக்கும் அலகு, அதில் ஜப்பானிய எழுத்து, கறுப்பு மரப்பிடி. விலையை யாரும் கேட்கவில்லை. அவனே சொன்னான். மாமியார் இரண்டு தடவை மாஷா அல்லாஹ் சொன்னார்.

"நம்ம கிச்சனோட முதல் கத்தி. பிடிங்க மச்சான்" என்றான்.

அன்சார் பிடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அலகை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். தேநீர்த் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் கத்தியின் கூர்ப்பக்கத்தை நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்தார். கத்தியின் முதுகில் விரலை ஓட்டினார். பிடியும் அலகும் சேருமிடத்தில் நகத்தை நுழைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

"நல்ல இரும்பு, சமீரு. நாலு குறை இருக்கு. எல்லாம் சின்னதுதான்."

அறை அமைதியானது. அன்சார் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு விளக்கினார். முதுகின் விளிம்பு மழுக்கப்படவில்லை, ஒரு மணி நேரம் நறுக்கினால் விரல் புண்ணாகும். பிடியோரத்துக் கீழ்மூலையும் அப்படியே. பிடிக்குள் இடுக்கு இருக்கிறது, தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். கூரின் பின்பகுதி ஒரு முடியளவு பள்ளம், வெங்காயம் அறாமல் சங்கிலியாகத் தொங்கும்.

"ஜப்பான்காரன் செஞ்சதுலயா குறை?" என்றான் சமீர்.

"அந்த ஊர்லயே வாங்குனவங்க வீட்டுல தேய்ச்சு சரி பண்ணிக்குவாங்கப்பா. எனக்கு ரெண்டு நாள் கொடு."

சமீர் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "பத்தொன்பது வருஷம் கத்தி கழுவுனவர். சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதையும் அன்சார் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் ஃபஹ்மிதா அவரோடு பேசவில்லை. அவர் கவனிக்கவுமில்லை. பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் வாங்கி, குச்சியில் சுற்றி, முதுகையும் மூலையையும் நனைத்து நனைத்துத் தேய்த்தார். நாட்டு மருந்துக் கடைத் தேன்மெழுகை உருக்கி இடுக்கில் ஊற்றினார். சாணைக்கல்லில் கூர் முழுவதையும் ஒரே சீராகப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்கினார். கடைசியில் ஒரு தக்காளியைப் பிடிக்காமலே வெட்டினார். சாறு தட்டில் சிந்தவில்லை. அந்த நிமிஷம் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்திருக்க முடியாது. பார்க்கத்தான் யாரும் இல்லை.

சமீர் கத்தியைத் திருப்பிப் பார்த்தான். முதுகில் பளபளப்புக் குறைந்திருந்தது. "புதுச் சாமானைப் பழசாக்கிட்டீங்களே மச்சான்" என்று மட்டும் சொன்னான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்சாருக்கு விஷயம் அப்போதே புரிந்திருக்கும்.

திறப்பு விழாவில்தான் புரிந்தது. சமையற்கட்டின் தலைமைக்குத் தஞ்சாவூரிலிருந்து எல்வின் என்ற மாஸ்டர் வந்திருந்தார். டிப்ளமா படித்தவர், உயரமான தொப்பி. சமீர் எல்லோர் முன்னாலும் கத்தியை அவர் கையில் கொடுத்தான். எல்வின் பெட்டி பிரிக்கும் குடும்பத்தில் பிறந்தவரல்ல. ஆனாலும் நாகரிகம் தெரிந்திருந்தது.

"முதுகைத் தொட்டுப் பாருங்க சார், வழவழன்னு. இந்த ஃபினிஷிங் நம்ம ஊர் கைக்கு வராது."

"இதுலயும் குறை கண்டுபிடிக்கிறவங்க இருக்காங்க மாஸ்டர்" என்றான் சமீர்.

அன்சார் பத்தடி தள்ளி நின்றார். வாயைத் திறக்கப் போனவர், பெண்கள் பக்கத்திலிருந்து ஃபஹ்மிதா பார்ப்பதைப் பார்த்தார். முக்காட்டுக்குள் அவள் தலை இப்படியும் அப்படியுமாக மெல்ல அசைந்தது. வேண்டாம். தம்பியும் புருஷனும் ஒரே கூட்டத்தில் சண்டை போட்டால் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வி அவளுக்கு வரக் கூடாது என்பதற்காக, அவர் பிரியாணி நன்றாயிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அன்சாருக்கு ஸ்டோர் அறை தரப்பட்டது. அரிசி மூட்டை எண்ணும் வேலை. முதுகுவலிக்காரருக்கு உட்கார நாற்காலியும் உண்டு.

மூன்றாவது வாரம் சமீர் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தோடு வீட்டுக்கே வந்தான். மாஸ்டர் அந்தக் கத்தியால் ஆட்டுத் தொடை எலும்பை வெட்டியிருந்தார். கூரில் ஏழெட்டு இடத்தில் சில்லு தெறித்திருந்தது. மாமியார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

"என்ன மச்சான் இது? கத்தி மேல குறையா, மாஸ்டர் மேல குறையா?"

அன்சார் கத்தியை ஜன்னல் பக்கம் நீட்டவில்லை. ஒரு கண்ணை மூடவுமில்லை. செய்தித்தாளிலேயே திரும்பச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேர் மேலயும் குறையில்ல சமீரு. எலும்புதான் கொஞ்சம் முத்தல்."

சமீரின் முகம் மலர்ந்தது. மச்சான் இப்போதுதான் தொழில் தெரிந்தவர் மாதிரிப் பேசுகிறார் என்று அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னான். அடுத்த மாதம் முதல் அன்சார் சூப்பர்வைசர். சட்டையில் பெயர்ப்பட்டை, வாசலருகே தனி மேசை, வருகிறவர்களுக்கு சலாம் சொல்லும் பொறுப்பு. சமையற்கட்டுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லாத பதவி. மாமியார் இப்போது அவருக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்கிறார்.