சோதனைக் குழாயில் தெரிந்த சாப்பாடு

ஊரார் மூத்திரத்தைக் காய்ச்சிப் பிழைத்த கம்பவுண்டர்களே, எழுபதுகளில் நாம் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல! நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைப்போம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறமானால் ஆபத்து.

செங்கல் நிறம்

போடியில் எங்கள் டாக்டரிடம் ஏலத்தோட்ட முதலாளி ஒருவர் வந்தார். கால் பெருவிரலில் ஒரு மாதமாக ஆறாத புண். குழாயைச் சூடு காட்டியதுமே செங்கல் நிறம். "மாத்திரை மட்டும் பத்தாது. நெல்லுச்சோறு, நெய், கறியக் குறைச்சுட்டு கேப்பை, கொள்ளு, கீரைன்னு சாப்பிடுங்க. இல்லாட்டி விரலை எடுக்கணும்" என்றார் டாக்டர். முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது.

"அதெல்லாம் என் தோட்டத்து ஆளுக திங்கிறதுல்ல?"

பேச்சியம்மா

அதே வாரம் அவர் தோட்டத்தில் களையெடுக்கும் பேச்சியம்மா, காலில் அரிவாள் பட்டு, மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தாள். அறுபத்தெட்டு வயசு! சர்க்கரை பார்த்தேன். எவ்வளவு கொதித்தும் குழாய் நீலமாகவே நின்றது. பத்தே நாளில் புண்ணும் காய்ந்துவிட்டது. அம்மாடி! "என்னதான் திங்கிற ஆத்தா?" என்றேன்.

"கம்மங்கூழு, கொள்ளு, முருங்கைக்கீரை. நெல்லுச்சோறு கெடைச்சா வேணாம்னா சொல்லப்போறேன்?"

பத்தியம்

இருபது நாள் கழித்து முதலாளி வந்தார். புண் பெரிதாகியிருந்தது. குழாயில் மறுபடியும் செங்கல்! இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், அப்புறம் மதுரைக்குப் போய் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். "கேப்பைக் களி சாப்பிடலையா?" என்று கேட்டேன். கூட வந்த மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாப்பிடாம என்ன? வயிறார நெல்லுச்சோறு தின்னப்புறம், மருந்து கணக்கா ரெண்டு உருண்டை தவறாமக் குடுக்குறேன்!"

சாத்திய கதவு

அன்றிலிருந்து சோறு நின்றது. தினமும் கட்டு மாற்ற அவர்கள் வீட்டுக்குப் போவேன். பட்டப்பகலில் கதவும் ஜன்னலும் சாத்திக் கிடக்கும், உள்ளே ஒரே புகை. எதுக்குக்கா இப்படி என்றேன், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"கொள்ளு வேகுற வாசம் தெருவுக்குப் போனா, நாங்க நொடிச்சுப் போயிட்டோம்னுல்ல பேசுவாக!"

ஐந்து விரல்

மாதக் கடைசியில் குழாயில் மஞ்சள், அப்புறம் பச்சை. புண்ணில் புதுச்சதை தெரிந்தது. கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். மூன்றாம் மாதம் நீலம் நீலமாகவே நின்றது. எனக்கு அந்தக் குழாயையே கும்பிடத் தோன்றியது. முதலாளி குனிந்து தன் ஐந்து விரலையும் தடவிப் பார்த்தார். அழுதேவிட்டார்.

"இத்தனை வருசமா தோட்டத்து ஆளுகளுக்கு நான் சோறு போடுறேன்னு நெனைச்சேன் தம்பி. அவுக சோறுதான் எனக்குக் கால் குடுத்திருக்கு."

இத்தனையையும் கண்ணால் பார்த்த நான், அன்று மத்தியானமே எதிர்க்கடையில் புரோட்டாவுக்கு உட்கார்ந்ததை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.