அக்கா கூட்டுவாள், மேஸ்திரி கழிப்பார்

என் அக்காவுக்குப் பதற்றம் பிறவிக்குணம். கல்யாணத்துக்கு ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் நாலரை என்பாள். நாங்களும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஐந்துக்குத்தான் கிளம்புவோம். கட்டடக் கம்பெனியில் எந்த வேலை எந்தத் தேதியில் என்று அட்டவணை போடுவது அவள் உத்தியோகம். அங்கேயும் இதே கூத்துதான். அக்கா எல்லாத் தேதியையும் கொஞ்சம் தள்ளியே போடுவாள். சைட்டில் மேஸ்திரி அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். கணக்கு சரியாகிவிடும். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நிபுணர் அமைப்பு என்று பெயராம். அனுபவசாலியின் மூளையில் இருப்பதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு, அட்டவணையை அதுவே போடும். அந்த அனுபவசாலி என் அக்கா. கேள்வி கேட்டே பிராணனை வாங்கினார்கள். குளிர்காலத்தில் கான்கிரீட் இறுக எத்தனை நாள், மழை பெய்தால் எத்தனை? மெஷினிடம் என்ன பேரம் என்று அக்கா உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதையோ விட்டுட்டேன்டா என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். உனக்கு வேறு வேலை இல்லை என்று எரிந்து விழுந்தேன்.

நான் அந்த சைட்டில் எலக்ட்ரீஷியன். அன்று காலை, புதிதாகப் போட்ட தளத்துக்குக் கீழே ஏணியில் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மேஸ்திரியின் ஆட்கள் தளத்தைத் தாங்கிய இரும்பு முட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அதே நேரம் ஆபீசிலிருந்து அக்கா ஏதோ கேட்க ஸ்டோருக்குப் போன் செய்திருக்கிறாள். முட்டு பிரிக்கிறார்கள் என்று ஸ்டோர்க்காரர் சொன்னதும் தேதியைப் பார்த்திருக்கிறாள். மெஷின் போட்ட அட்டவணைப்படி அதற்கு இன்னும் நாள் இருந்தது. எதை விட்டோம் என்று அப்போதுதான் உறைத்ததாம். என் போன், நான் கழற்றி மாட்டியிருந்த சட்டையில் அடித்து ஓய்ந்தது.

ஹெல்மெட்கூட இல்லாமல் ஓடிவந்தாள்.

"டேய், வெளிய வாடா. எல்லாரும் வெளிய வாங்க."

மேஸ்திரி சிரித்தார். "எப்பவும் போல சேத்துத்தானேம்மா போட்டிருப்பீங்க? நான் குறைச்சுக்கிட்டேன்."

"இந்தத் தடவை சேக்கலைங்க. அது நிஜக் கணக்கு."

அவர் சிரிப்பு நின்றது. நான் ஏணியிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தேன். தளத்தின் நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். விழுந்தடித்துக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தோம். இன்ஜினியர் வந்து பார்த்து, ஓரத்திலிருந்து முட்டுகளைத் திரும்பப் பொருத்தச் சொன்னார். கடைசி முட்டும் இறுகியது. நல்லவேளை, தளம் நின்றது.

மேஸ்திரி மணல்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். இனிமேல் மெஷின் போடும் தேதியில் கை வைக்கவே வேண்டாம் என்று அக்கா அவரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"நாம ரெண்டு பேரும் பொய் சொல்லிக்கிட்டிருந்த வரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா."