கட்டைவிரல் மரியாதை

சர்க்யூட் போர்டு வடிவமைக்கிறவன் மேசைப் பக்கம் சாதாரண நாளில் யாரும் வரமாட்டார்கள். புகை கிளம்பினால் ஆபீஸ் மொத்தமும் வந்து நிற்கும். இதே பிழைப்பில் அல்லாடும் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சூடான கழுத்து

ஜெர்மனியில், ஹனோவரில் எங்களுடையது சின்ன கம்பெனி. மாட்டுக் கழுத்தில் கட்டும் பட்டை செய்கிறோம். மாடு எங்கே நிற்கிறது, அசை போடுகிறதா என்று அது சொல்லும். எனக்கு ஆறு மாத புரொபேஷன், அதில் ஐந்து முடிந்திருந்தது.

பட்டையின் பேட்டரி சொன்ன காலத்தில் பாதிகூடத் தாங்கவில்லை. காரணம், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் ரெகுலேட்டர். 3.3 வோல்ட்டை வாங்கி, 1.2 வோல்ட்டை மட்டும் உள்ளே கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சூடாகத் தொலைத்தது. அதை ஓரங்கட்டிவிட்டு, வெளியே சிக்கனமான ஒன்றை வைத்து 1.2 வோல்ட்டை நேராகக் கொடுக்கலாம் என்று முதலாளியம்மாவிடம் வாயைக் கொடுத்தேன்.

"செய்யுங்கள். மாட்டுக் கழுத்தைச் சூடாக்குவது நம் தொழில் இல்லை. ஆனால் இது ஓடாவிட்டால், உங்கள் புரொபேஷனைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கும்."

முதல் பலி

மாதிரி போர்டு மூன்றுதான். மேசையிலிருந்த பவர் சப்ளையில் முந்தைய சோதனைக்கு வைத்த 3.3 அப்படியே இருந்தது. பார்க்காமல், 1.2 போக வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டேன். சத்தம்கூட வரவில்லை, வாசனைதான் வந்தது. போர்டில் சிப்புகளை ஒட்டும் சால்டரிங் வேலை பார்க்கும் மாலினி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்:

"தம்பி, மூண்டு இருந்தது, இப்ப ரெண்டு. மற்றதுகளையும் கொல்லப் போறியள் எண்டால் முதலே சொல்லுங்கோ, நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

இரண்டு கையாலும்

இரண்டாவது போர்டு பத்தில் ஒரு தடவைதான் கிளம்பியது. மின்சாரம் நிலைப்படும்வரை பிராசஸரை எழும்பவிடாமல் பிடித்து வைத்ததும் அந்த உள் ரெகுலேட்டர் வேலைதானாம். சமையல்காரரை நிறுத்திய பிறகு, வாசலைப் பூட்டியதும் அவர்தான் என்று தெரிகிற கதை. அந்தக் காவலுக்கென்றே தனிச் சிப் உண்டு. ஆர்டர் போட்டேன், அடுத்த வாரம் வரும் என்றார்கள். அதுவரை போர்டின் அடியிலுள்ள ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டு சுவிட்சைப் போட்டு, மூன்று எண்ணிப் பட்டனை விட்டால் ஒழுங்காகக் கிளம்பும்.

அன்றைக்கென்று பார்த்து வாடிக்கையாளரான பண்ணைக்காரர் வந்துவிட்டார். போர்டை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு கட்டைவிரலை அடியில் ஒளித்துக்கொண்டு, லேசாகக் குனிந்தபடி நீட்டினேன். மற்ற விரலால் சுவிட்ச். பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போர்டை வாங்கிக்கொண்டார்.

"இரண்டு கையாலும் கொடுக்கிறீர்களே, உங்கள் ஊர் மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்."

ஸ்பீக்கரில்

இரண்டு நாள் போன் அடிக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். பண்ணைக்காரர் உற்சாகமாக இருந்தார். முதலில் போர்டு செத்துக் கிடந்ததாம். பிறகு நான் பிடித்த மாதிரியே, கட்டைவிரல் அடியில் போக, இரண்டு கையாலும் பிடித்தாராம், உடனே கிளம்பிவிட்டதாம். வேலையாட்களுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாராம்.

முதலாளியம்மா என்னையே பார்த்தார். கட்டைவிரல் கதையை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். எதிர்முனையில் ஒரு மாடு கத்தியது.

"என் மாடுகளுக்குக் கட்டைவிரல் கிடையாது. அதற்கு ஒரு வழி பண்ணுங்கள், பட்டைகளை நான் வாங்கிக்கொள்கிறேன்."

காவல் சிப் வந்தது, மாலினி அக்கா ஒட்டினார், என் வேலையும் நிரந்தரமானது, ஆனால் அந்தப் பண்ணைக்காரர் மட்டும் இன்றுவரை எனக்குக் காப்பிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும்தான் நீட்டுகிறார், அடியில் ஒரு கட்டைவிரலோடு.