எனக்காகக் காத்திருந்த எதிரணி

1986ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்தின் நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த சம்பவம் இது. அப்போது எனக்குப் பதினேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. டொச் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மன் மொழியில் என் பெயரைச் சொல்லவும், பசிக்கிறது என்று சொல்லவும், உதைபந்தாட்டத்துக்குத் தேவையான கெட்ட வார்த்தைகள் சிலவற்றைப் பேசவும் தெரியும். அதற்குள்ளேயே மொழி வந்துவிட்டது என்று ஒரு நினைப்பும் எனக்கு இருந்தது.

எங்கள் அகதி விடுதி நகரத்தின் விளிம்பில், ட்ராம் வண்டி கடைசியாக வந்து திரும்பும் இடத்தில் இருந்தது. பக்கத்திலேயே நான் படித்த பெரிய பள்ளிக்கூடம். அந்தப் பகுதியில் அப்போது வரிசை வரிசையாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நகரத்தில் மாடிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து இருந்தவர்கள், தோட்டம் வைத்த வீடு வேண்டுமென்று பிள்ளைகுட்டிகளோடு அங்கே வந்தார்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்த துருக்கிக் குடும்பங்களும் வந்தன. கடைசியாக நாங்களும் போய்ச் சேர்ந்தோம். ஆகவே எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு புல் மைதானங்கள் வேறு இருந்தன.

நகரத்தின் நடுவில் ஒரு பழைய ஜிம்னாசியம் இருந்தது. ஜிம்னாசியம் என்றால் உடற்பயிற்சிக் கூடமென்று நினைத்துவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறவர்கள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. பள்ளிகளுக்கிடையிலான உதைபந்தாட்டக் கிண்ணம் வருடாவருடம் அவர்களுக்குத்தான் போகும். எங்கள் பள்ளி இறுதியாட்டத்துக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. நகரத்துப் பிள்ளைகளெல்லாம் இங்கே குடிவந்துவிட்டார்கள், கிண்ணம் மட்டும் ஏன் அங்கேயே இருக்க வேண்டும் என்று எங்கள் விளையாட்டு ஆசிரியர் கேட்பார். கேட்டுவிட்டு அவரே பலமாகச் சிரிப்பார்.

என்னைப் பந்துக்காப்பாளனாகப் போட்டவர் அவர்தான். பள்ளியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. மொழி தெரியாதவன், நாளைக்கே திருப்பி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள், இவனை நம்பியா இறுதியாட்டத்துக்குப் போவது என்று பேசினார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றப் பந்துக்காப்பாளனுக்குப் பயிற்சியில் மணிக்கட்டு முறிந்துபோனதால், அவருக்கும் என்னை விட்டால் ஆளில்லை. நான் சொதப்பினால் அவர் முகத்தில்தான் கரி பூசுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் அவர் எல்லோரையும் கூப்பிட்டு, நாளைக்கு நகரத்து மைதானத்தில் 'ஹால்ப் ட்ரை'க்கு நிற்க வேண்டும் என்றார். எனக்கு விளங்கியதா என்று தனியாக வேறு கேட்டார். நான் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன். அதுவரை பயிற்சியெல்லாம் பள்ளி விட்டவுடன்தான் நடக்கும், மற்றவர்களோடு சேர்ந்து போய்விடுவேன். மணி பார்த்துத் தனியாகப் போகவேண்டிய தேவை வந்ததே இல்லை. இந்த முறை மற்றவர்கள் பெற்றோரின் கார்களில் போகிறார்கள். என்னை ஏற்றிக்கொண்டு போகவும் கேட்டார்கள். யாருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாதென்ற வீம்பில், ட்ராமில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இருந்தாலும் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு சின்னச் சந்தேகம். என்னோடு அறையில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடம் ஆனவர். அவரிடம் கேட்டேன்.

“ஹால்ப் எண்டால் அரை. ட்ரை எண்டால் மூண்டு. மூண்டரை. இதில என்ன தம்பி யோசினை?” என்றார்.

“ஓம் அண்ணை, நானும் அப்பிடித்தான் நினைச்சனான்,” என்றேன்.

இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்த பிறகு மூன்றாவது ஆளைக் கேட்பானேன்?

மறுநாள் ஆறுதலாகக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, சப்பாத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மூன்றரைக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே மைதானத்தின் வாசலில் நின்றேன். நேரம் தவறாமை பற்றி இவர்களா எங்களுக்குப் படிப்பிப்பது என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதம். வாழைப்பழம் ஒன்றை உரித்துத் தின்றபடி உள்ளே போனேன்.

இரண்டு அணிகளும் முழு உடையில் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிவர முந்நூறு பேராவது இருக்கும். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஆகா, எல்லோரும் எனக்கு முன்பே வந்துவிட்டார்களே என்று நினைத்துக் கையை உயர்த்தி உற்சாகமாக ஆட்டினேன். ஒருவரும் பதிலுக்கு ஆட்டவில்லை. எங்கள் ஆசிரியர் என்னை நோக்கி ஓடி வந்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் வாயில் இருந்த வாழைப்பழம் இறங்க மறுத்துவிட்டது.

டொச்சில் 'ஹால்ப் ட்ரை' என்றால் இரண்டரை. இரண்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டம் மூன்று மணிக்கு. நான் வந்து நின்றது மூன்று இருபதுக்கு.

நடந்ததை ஆட்டம் முடிந்த பிறகுதான் மற்றவர்கள் சொல்லி முழுமையாக அறிந்தேன். நான் வராததைக் கண்டு ஒரு நண்பனின் அம்மா காரை எடுத்துக்கொண்டு எங்கள் விடுதிக்குப் பறந்திருக்கிறார். மூன்று மணியாகியும் அவர் திரும்பவில்லை. பத்துப் பேரோடு ஆடுங்கள், ஒருவர் கையுறையைப் போட்டுக்கொண்டு கம்பத்துக்கு நடுவில் நில்லுங்கள் என்று நடுவர் சொல்லிவிட்டார். எங்கள் ஆட்கள் யார் நிற்பது என்று தங்களுக்குள் சண்டை பிடித்திருக்கிறார்கள். அப்போதுதான் ஜிம்னாசியத்து அணித்தலைவன் நடுவரிடம் போயிருக்கிறான். உயரமான, மெலிந்த ஒருவன். இரண்டு அணித்தலைவர்களும் சம்மதித்தால் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். மூன்றரை வரைக்கும் என்றால் முடியும் என்று நடுவர் சொல்லியிருக்கிறார்.

அவனுடைய ஆசிரியருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேரத்துக்கு வரத் தெரியாதது அவர்களுடைய பிரச்சினை, நமக்கென்ன என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டாராம். அந்தத் தலைவனுக்கு அது கடைசி வருடம். அந்தக் கோடையோடு பள்ளியை விட்டுப் போகிறவன். ஆனாலும் அவன் அசையவில்லை. காரில் போனவர் திரும்பி வந்து, நான் ட்ராமில் ஏறிவிட்டேன் என்ற செய்தியைச் சொன்னபோது, அப்படியென்றால் வந்துவிடுவான் என்று சொல்லிவிட்டுத் தன் அணியைத் தரையில் உட்காரச் சொன்னானாம். என்னை அவன் அதுவரை பார்த்ததுகூட இல்லை.

நான் அவசரமாக உடை மாற்றிக்கொண்டு கம்பத்துக்கு நடுவில் போய் நின்றேன். அந்த மைதானத்தில் புல் கிடையாது, செந்நிறச் சாம்பல் பரப்பிய தரை. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள், சின்னப் பிள்ளையும் பிடிக்கக்கூடிய ஒரு பந்து என் கால்களுக்கு நடுவால் உள்ளே போனது. கூட்டத்தில் யாரோ எனக்குக் 'காலை வணக்கம்' சொன்னார்கள். மைதானமே சிரித்தது. எங்கள் ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இடைவேளைக்குப் பிறகு நாங்கள் ஒன்று போட்டோம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு துருக்கி நண்பன் தலையால் முட்டி இரண்டாவதையும் போட்டான். அதன் பிறகு பந்து எங்கள் பக்கத்தை விட்டு அகலவே இல்லை. அந்தத் தலைவன் இரண்டு தடவை என்னை நோக்கி அடித்தான். முதலாவதைக் கட்டிப் பிடித்தேன். இரண்டாவது, மேல் கம்பத்துக்குக் கீழே நேராகப் போன பந்து. அதை எப்படி எட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. விரல் நுனி பட்டு வெளியே போனது. முழங்கால் இரண்டும் சாம்பலில் உரசித் தோல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் நடுவர் விசிலை ஊதினார்.

கிண்ணம் முதல் தடவையாக நகரத்தை விட்டு வெளியே வந்தது. எங்கள் ஆட்கள் ஆசிரியரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு ஓட மனம் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஜிம்னாசியத்து ஆசிரியர் தன் தலைவனிடம், உன்னால்தான் இது, உன்னால்தான் இது என்று இரண்டு தடவை சொல்வது எனக்கே விளங்கியது. அவன் கேட்டு முடித்தான். பிறகு நேராக என்னிடம் வந்து கையை நீட்டினான்.

நான் எனக்குத் தெரிந்த டொச்சையெல்லாம் திரட்டி மன்னிப்புக் கேட்டேன். எங்கள் மொழியில் இரண்டு முடிந்து அரை ஆனால் இரண்டரை, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று விரல்களை மடக்கி நீட்டி விளக்கினேன். அவன் சாம்பல் தரையில் குந்தி, விரலால் ஒரு மணிக்கூடு வரைந்தான். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிற வழியில் பாதி, அதுதான் 'ஹால்ப் ட்ரை' என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, எனக்கு விளங்கும்படி மெதுவாக, நீங்கள் முடிந்ததை எண்ணுகிறீர்கள், நாங்கள் வரப்போவதை எண்ணுகிறோம் என்று சொல்லிச் சிரித்தான். அந்த நிமிடத்துக்குப் பிறகு எனக்கு டொச் மணி ஒருநாளும் தவறியதில்லை.

ஏன் காத்திருந்தாய் என்று கேட்டேன். பத்துப் பேரை வென்றால், வென்றோமா இல்லையா என்று தனக்கே தெரியாமல் போய்விடும் என்றான். அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்டான்.

“உங்கள் நாட்டில் என்றால், நீங்களும் காத்திருந்திருப்பீர்கள், இல்லையா?”

“ஓம், காத்திருப்போம்,” என்றேன். பதற்றத்தில் முதலில் வந்தது தமிழ் 'ஓம்'. அவன் விளங்காமல் பார்த்தான். பிறகு டொச்சிலும் ஒருமுறை சொன்னேன்.

அன்று மாலை விடுதியில் அறை நண்பரிடம் மணிக்கணக்கை விளக்கினேன். அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருக்குக் கொடுத்த டேர்மினுக்கு, அதாவது சந்திப்பு நேரத்துக்கு, ஒரு மணிநேரம் பிந்திப் போயிருக்கிறார். அவருக்கே அது தெரியாது. “அதுதான் அந்த மனுசி அண்டைக்கு என்னோட எரிஞ்சு விழுந்தது. நான் அவவுக்குத்தான் குணம் சரியில்லை எண்டு நினைச்சன்,” என்றார். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்தக் கதையை இதுவரை பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எப்போதும் அந்தச் சிரிப்போடு முடித்துவிடுவேன். மிச்சத்தை இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஊரில் நான் நகரத்துக் கல்லூரி மாணவன். பழைய கல்லூரி, கண்ணாடி அலுமாரி நிறையக் கிண்ணங்கள். நாடு விட்டு வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, வெளியூர்ப் பள்ளியொன்று அரையிறுதியில் எங்களோடு ஆட வந்தது. வரும் வழியில் அவர்களுடைய பஸ் பழுதாகிவிட்டது. அந்த வருடம் அவர்கள் நல்ல அணி. எங்களை வெல்லுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். குறித்த நேரம் தாண்டியதும், வெற்றியை எங்களுக்கே தாருங்கள் என்று நடுவரைச் சூழ்ந்து நின்று கத்தினோம். எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியவன் நான். அதற்காகவே மற்றவர்கள் என் முதுகில் தட்டினார்கள். வெற்றியை எங்களுக்கு எழுதிக் கொடுத்த பிறகு, பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தும் ஓடியும் வந்த அந்தப் பதினொரு பேர் வியர்க்க விறுவிறுக்க வாசலில் நின்றார்கள். அவர்களில் ஒருவன் அழுதான். நாங்கள் சிரித்தோம்.

அந்த ஜெர்மன்காரன் என்னைப் பார்த்துக் கேட்டபோது எனக்கு முன்னால் நின்றது அழுத அந்த முகம்தான். நான் பொய் சொன்னேன்.

பீலெஃபெல்ட் கிண்ணம் அதன் பிறகு நான் அங்கே இருந்த வருடங்களில் நகரத்து நடுவுக்குத் திரும்பிப் போகவேயில்லை. ஒரு வருடம் எங்களிடம், மறு வருடம் வேறொரு புறநகர்ப் பள்ளியிடம் என்று வெளியிலேயே சுற்றியது. பிள்ளைகள் இடம் மாறிவிட்டார்கள், புல் மைதானங்கள் இங்கேதான் இருக்கின்றன என்று காரணம் சொன்னார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த முதல் கிண்ணத்தை அவன் விரும்பியிருந்தால் தடுத்திருக்கலாம், வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். தன் பள்ளியின் பெயரும் தன் கடைசி வருடமும் போனாலும் பரவாயில்லையென்று, முகம் தெரியாத ஒருவனுக்காக அவன் இருபது நிமிடம் அந்தச் சாம்பல் தரையில் காத்திருந்தான். அப்படிப்பட்டவன் கேட்ட ஒரேயொரு கேள்விக்கு, 'இல்லை, நாங்கள் காத்திருக்கவில்லை' என்று உண்மையைச் சொல்ல எனக்கு அன்று தைரியம் வரவில்லையே என்ற வெட்கம், இத்தனை வருடம் கழித்தும் என்னை விட்டுப் போகவில்லை.